லயத்துக் காம்பராவில் புகை குறைந்த அடுப்பு: தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

தலவாக்கலைக்கு மேலே, ஏறக்குறைய 1,500 மீற்றர் உயரத்தில் இருக்கும் ஒரு தேயிலைத் தோட்டத்தின் ஒரு டிவிஷனில் 2022 கடைசியிலிருந்து 2024 நடுப்பகுதி வரை, புகை குறைந்த அடுப்பு கொடுக்கும் வேலையில் நடந்ததை இங்கே எழுதுகிறேன். அந்த வேலையில் நான் வெளிக்கள உத்தியோகத்தராக இருந்தேன். தோட்டத்தின் பெயரையோ ஆட்களின் பெயரையோ எழுதவில்லை. வேறு தோட்டங்களில் அடுப்பு கொடுக்கும் வேலையை ஆரம்பிக்கப்போகிற இரண்டு மூன்று பேர், என்ன நடந்தது என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் பாதிப் பாதியாகச் சொல்வதைவிட, நாங்கள் பிழைவிட்ட இடங்களையும் சேர்த்து முழுதாக எழுதிவிடுவது நல்லது என்று நினைத்தேன்.

பின்னணி

2022இன் பொருளாதார நெருக்கடி எப்படி இருந்தது என்று இலங்கையில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. காஸ் கிடைக்கவில்லை. ஆகஸ்ட் மாதம் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்குப் போனது, அதே மாதம் மின் கட்டணம் சராசரியாக 75 வீதம் ஏறியது, 2023 பெப்ரவரியில் அதற்கு மேல் இன்னொரு 66 வீதம். தோட்டத்தில் நாட்சம்பளம் 2021இல் வந்த 1,000 ரூபாயிலேயே நின்றது. சீட்டுப் பிடித்து வாங்கிய ரைஸ் குக்கரைத் துணி சுற்றி அலுமாரிக்கு மேலே ஏற்றி வைத்திருந்த வீடுகளை நானே பார்த்தேன்.

அந்த டிவிஷனின் மேல் லயத்திலிருந்து (லயம் என்பது தொழிலாளர்களின் வரிசை வீடு) பார்த்தால் கீழே மேல் கொத்மலை நீர்த்தேக்கம் தெரியும். 2012இல் இயங்கத் தொடங்கிய 150 மெகாவாட் மின் நிலையத்துக்கான தண்ணீர் அங்கேதான் தேங்குகிறது. லயத்திலும் மின்சாரம் இருக்கிறது, ஆனால் அது பல்புக்கும் டிவிக்கும் போன் சார்ஜுக்கும்தான். சோறும் ரொட்டியும் விறகில்தான் ஆகின்றன, விறகு என்றால் பெரும்பாலும் கவ்வாத்து வெட்டிய (தேயிலைச் செடியைக் கத்தரித்த) மலையிலிருந்து பொறுக்கிக் கட்டிக் கொண்டுவரும் மிலாறு, அதாவது வெட்டி விழுந்த தேயிலைக் குச்சி.

நாங்கள் எடுத்துக்கொண்ட 3 லயங்களிலும் 38 குடும்பங்கள். அதில் இரண்டு இரட்டை லயம், அதாவது இரண்டு வரிசைக் காம்பராக்கள் (அறைகள்) முதுகோடு முதுகு ஒட்டி நிற்பவை. பின்சுவர் அடுத்த வீட்டுக்காரருடையதும்கூட, அதனால் பின்பக்கம் ஜன்னல் வைக்க வழியே இல்லை. 10 அடிக்கு 12 அடி காம்பரா, முன்னால் இஸ்தோப்பு (திண்ணை), இஸ்தோப்பின் ஒரு மூலையை மறைத்து அடுப்படி. காலை நாலரைக்கு அடுப்பு மூட்டும்போது வெளியே குளிர் பிடித்து ஆட்டும், கதவைத் திறந்துவைக்க யாருக்கும் மனம் வராது, அதனால் புகை கூரைக்கும் சுவருக்கும் இடையில் இருக்கும் சின்ன இடைவெளியால்தான் வெளியே போக வேண்டும். சுவர் முழுக்கக் கரி. வீட்டுக்குள் எரியும் விறகு, கரி, சாணம், மண்ணெண்ணெய் போன்றவற்றின் புகையால் 2020இல் மட்டும் உலகம் முழுவதும் 32 இலட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அந்த எண்ணைப் பயிற்சி வகுப்பில் எழுதிக்கொண்டு வந்த எனக்கு, ஒரு அக்கா பேசிக்கொண்டே சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு ரொட்டி புரட்டுவதைப் பக்கத்தில் இருந்து பார்த்தபோதுதான் அது உறைத்தது.

அனகி அடுப்பைத் தேர்ந்தெடுத்தோம். 1980களின் நடுப்பகுதியிலிருந்து இலங்கையில் பரவி வரும் களிமண் அடுப்பு அது, ஒரே துண்டாகச் சுட்டது, இரண்டு வாய் கொண்டது. முதல் வாயில் வைத்த பாத்திரத்துக்கு நேரே நெருப்புப் படும், அதைத் தாண்டிப் போகிற சூடு இரண்டாவது பாத்திரத்தைச் சுடவைக்கும். சுற்றிலும் மண் பூசிக் கட்டினால் சூடு வெளியே வீணாகாது, அடுப்பும் சீக்கிரம் வெடிக்காது. விலை குறைவு, உள்ளூர்க் குயவர்களே செய்கிறார்கள், உடைந்தால் மாற்றலாம். அந்தத் தேர்வு பிழை என்று இன்றும் நான் நினைக்கவில்லை.

ஆரம்பத்தில் கேட்டதும் கேட்காததும்

2022 டிசம்பரில் வீடு வீடாகப் போய்க் கேட்டோம். என்ன சமைக்கிறீர்கள், ஒரு நாளைக்கு எத்தனை தடவை, விறகு யார் கொண்டுவருகிறார்கள், எத்தனை கட்டு. எல்லாம் சமையல் பற்றிய கேள்வி. "இந்த அடுப்பு எதற்கெல்லாம் எரிகிறது?" என்று ஒரு தடவைகூட நாங்கள் கேட்கவில்லை.

கேட்காமலே பதில் சொன்னவர் ஒருவர் இருந்தார். நடு லயத்தில் ஒரு அம்மாயி, எழுபது வயதுக்கு மேல் இருக்கும், அடுப்புக்குப் பக்கத்தில் பலகையில் உட்கார்ந்திருந்தார். "அடுப்பு அவிஞ்சா வீடே செத்த மாதிரி மிஸ்" என்றார். நான் அதைக் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கூட வைத்தேன், வயதானவர்கள் பழைய அடுப்பின் மேல் வைத்திருக்கும் பாசம் என்று நினைத்துக்கொண்டு. அவர் சொன்னது வீட்டின் சூட்டைப் பற்றி.

முதல் தீர்மானம்

2023 பெப்ரவரி, மார்ச் மாதங்களில் 38 வீட்டிலும் அடுப்பு வைத்தோம். தரையிலிருந்து உயர்த்தி ஒரு மேடை, அதன் மேல் அடுப்பு, சுற்றி மண்பூச்சு. ஞாயிற்றுக்கிழமை பிள்ளை மடுவத்தில் (தோட்டத்துக் குழந்தைகள் காப்பகத்தில்) அரை நாள் பயிற்சி.

புகைபோக்கி வைக்கவில்லை. காரணம் இரண்டு. லயம் தோட்ட நிர்வாகத்துக்குச் சொந்தமானது, சுவரையோ கூரையையோ தொடுவதற்குத் துரையின் (தோட்ட முகாமையாளரின்) அனுமதி வேண்டும், அதற்கு எழுதிப் பதில் வர எத்தனை நாளாகும் என்று தெரியாது. எங்கள் கையில் இருந்த பணத்தை மார்ச் முடிவதற்குள் செலவழித்துக் கணக்குக் காட்ட வேண்டும். அடுப்பே புகையைக் குறைக்கும், புகைபோக்கியைப் பிறகு பார்க்கலாம் என்று தீர்மானித்தோம். அந்தத் தீர்மானத்தில் நானும் கையொப்பம் வைத்தேன்.

அந்த இரண்டு மாதமும் நல்ல வெயில், மிலாறும் காய்ந்திருந்தது. எல்லா வீட்டிலும் அடுப்பு நன்றாக எரிந்தது. எடுத்த படங்களிலும் எல்லாரும் சிரிக்கிறார்கள்.

மழை வந்த பிறகு

ஜூனில் தென்மேல் பருவமழை பிடித்துக்கொண்டது. அந்த மாதக் கடைசியில் மறுபடி 38 வீட்டுக்கும் போனேன். 14 வீட்டில்தான் தினமும் அனகியில் சமைத்தார்கள். 9 வீட்டில் பழைய மூன்று கல் அடுப்பும் இதுவும் சேர்ந்து எரிந்தன. மிச்சம் 15 வீட்டில் மேடையின் மேல் பாத்திரம் அடுக்கியிருந்தார்கள், அதற்குக் கீழே தரையில் பழைய அடுப்பு.

யாரும் கோபப்படவில்லை. கொடுத்த பொருளைக் குறை சொல்லக் கூடாது என்ற மரியாதை வேறு, அதனால் விஷயம் வெளியே வர நேரம் எடுத்தது. ஒரு அக்காவோடு சேர்ந்து நானே ரொட்டி சுட்டுப் பார்த்தபோதுதான் முதல் விஷயம் விளங்கியது. அடுப்பு வாய் அடி உருண்ட சட்டிக்கு அளவானது. ரொட்டிக்கல் தட்டையாக அதை மூடிவிடுகிறது, நடுவில் கருகுகிறது, ஓரம் மாவாகவே நிற்கிறது. காலையில் ஏழு பேருக்கு ரொட்டி சுட்டுக் கட்டிக்கொடுத்துவிட்டுப் பிரட்டுக்கு (காலையில் வேலை பிரிக்கும் இடத்துக்கு) ஓட வேண்டிய ஆளுக்கு அது பெரிய தொந்தரவு.

இரண்டாவது, ஈர விறகு. பழைய அடுப்பு திறந்த வெளி, ஈர மிலாறை நிறைய அள்ளிப் போட்டு ஊதினால் எப்படியோ எரியும். அனகியின் வாய் சின்னது, அதற்குள் ஈர விறகைத் திணித்தால் காற்றுப் போக இடமில்லாமல் முன்பைவிட அதிகமாகப் புகைகிறது. விறகின் எடையில் பாதி தண்ணீராக இருந்தால் நெருப்பு முதலில் அந்தத் தண்ணீரைத்தான் ஆவியாக்க வேண்டும், ஒரு கிலோவிலிருந்து கிடைக்கும் சூடு நன்றாகக் காய்ந்த விறகில் கிடைப்பதில் பாதிக்குச் சற்று மேல்தான் வரும். பழைய அடுப்புக்கு மேலே பரண் கட்டி, அடுத்த நாள் விறகை அதில் அடுக்கிக் காயவைப்பது லயத்தில் எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம். மேடை கட்டுவதற்கு இடம் வேண்டும் என்று அந்தப் பரணைப் பல வீடுகளில் நாங்களே கழற்றச் சொல்லியிருந்தோம். விறகு காயவைக்கும் இடத்தைப் பிடுங்கிவிட்டுக் காய்ந்த விறகு வேண்டும் என்கிற அடுப்பைக் கொடுத்திருக்கிறோம். இது எனக்கு இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

ஜூலை மாதத்து இரவு

மூன்றாவது விஷயம் ஒரு விபத்தின் மூலமாகத்தான் தெரிய வந்தது.

அனகியைத் தினமும் பாவித்த 14 வீட்டில் ஒன்று, அடுப்பை மிகவும் விரும்பிய வீடு. தாய், இரண்டு பிள்ளைகள், மாமியார். தகப்பன் கொழும்பில் வேலை. பழைய அடுப்பு இருந்தபோது இரவு சமையல் முடிந்தும் தணல் குவிந்து கிடக்கும், கல்லும் சுவரும் சுட்டுப்போய் நடுச்சாமம் வரை காம்பராவில் கொஞ்சம் வெதுவெதுப்பு இருக்கும். புது அடுப்பில் விறகு குறைவு, தணல் குறைவு, இருக்கிற சூட்டையும் மண்பூச்சு உள்ளே பிடித்துவைக்கிறது. காம்பரா குளிர்ந்துபோனது. மாமியாருக்குக் குளிர் தாங்கவில்லை என்று அந்தத் தாய் மிச்சத் தணலை ஒரு தகரப் பேசினில் அள்ளி, படுக்கிற காம்பராவுக்குள் வைத்து, காற்று வராமல் கதவு இடுக்கில் உரப்பையைச் செருகிவிட்டுப் படுத்திருக்கிறார்.

நடுச்சாமத்தில் சின்னப் பிள்ளை வாந்தி எடுத்திருக்கிறது. தாய் எழுந்து நிற்கப் பார்த்துத் தலைசுற்றி விழுந்த சத்தம் பக்கத்துக் காம்பராவுக்குக் கேட்டதால் உயிர் தப்பினார்கள். பக்கத்து வீட்டு அண்ணன் கதவைத் தள்ளித் திறந்து நாலு பேரையும் இஸ்தோப்புக்கு இழுத்துப் போட்டிருக்கிறார். தோட்ட லொறியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ஒட்சிசன் கொடுத்தார்கள். இரண்டு நாளில் நாலு பேரும் வீட்டுக்கு வந்துவிட்டார்கள்.

தணலிலிருந்து வருவது காபன் மொனொக்சைட். புகை கண்ணை எரிக்கும், இருமவைக்கும், ஆளை எழுப்பிவிடும். இதற்கு வாசனையும் இல்லை, எரிச்சலும் இல்லை. ஒட்சிசனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக இரத்தத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். சுவாலை இல்லாமல் சிவந்து கிடக்கும் தணல் ஆபத்தில்லாதது போலத் தெரியும், அதுதான் இதை நிறைய விடும். எங்கள் அரை நாள் பயிற்சியில் புகையைப் பற்றி ஒரு மணித்தியாலம் பேசினோம், தணலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

அடுத்த நாள் மற்ற வீடுகளிலும் விசாரித்தேன். அந்த மழைக்காலத்தில் இன்னும் ஐந்து வீட்டில் பேசினில் தணல் வைத்துப் படுத்திருக்கிறார்கள்.

நிறுத்தி, நிறுத்துப் பார்த்தது

அடுத்த டிவிஷனுக்கு அடுப்பு கொடுக்கும் வேலையை அந்த வாரமே நிறுத்தினோம். பணம் தந்தவர்களுக்கு நடந்ததை அப்படியே எழுதினோம். கால நீடிப்புக் கொடுத்தார்கள்.

அதற்குப் பிறகு, முதலிலேயே செய்திருக்க வேண்டியதைச் செய்தோம். கொழுந்து நிறுக்கும் தராசு ஒன்றைக் கணக்கப்பிள்ளையிடம் இரவல் வாங்கி, 10 வீட்டில் ஏழு நாள் விறகை நிறுத்தோம், எந்த வேலைக்கு எவ்வளவு என்று தனித்தனியாக. வீட்டுப் பெண்களே குறித்துக்கொண்டார்கள். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் எழுதிக்கொடுத்தார்கள்.

எட்டு வீட்டில் சமையலைவிட வெந்நீருக்குத்தான் கூடுதல் விறகு போயிருந்தது. நாள் முழுக்க மழையில் நனைந்து கொழுந்தெடுத்துவிட்டு வருகிறவர் குளிக்க வேண்டும், பிள்ளைகளைக் குளிப்பாட்ட வேண்டும், பீலித் (மலையிலிருந்து குழாயில் வரும்) தண்ணீர் கையை விறைக்கவைக்கும். கணக்குப் போட்டால் இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. 15 லீற்றர் வாளித் தண்ணீரை 15 பாகையிலிருந்து 40 பாகைக்குக் கொண்டுவர 0.44 அலகு மின்சாரத்துக்குச் சமமான சூடு வேண்டும். விறகின் சூட்டில் பத்தில் ஒரு பங்கு அல்லது அதைவிடக் கொஞ்சம் அதிகம்தான் மூன்று கல் அடுப்பில் பாத்திரத்துக்குப் போய்ச் சேருகிறது, அதனால் ஒரு வாளிக்கு முக்கால் கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை காய்ந்த விறகு. ஐந்து பேருக்கு ஐந்து வாளி. அந்த வாளி பழைய அடுப்பில்தான் நிற்கும், அனகியின் வாயில் அதை வைக்க முடியாது. பழைய அடுப்பு ஏன் போகவில்லை என்பதற்கு இதுதான் பாதிப் பதில்.

இரண்டாம் சுற்றில் எடுத்த தீர்மானங்கள்

இந்தத் தடவை மாதர் சங்கத்தில் எட்டுப் பேரைச் சேர்த்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தோம். ரொட்டிப் பிரச்சினை ஒரே நாளில் தீர்ந்தது: முதல் வாயின் விளிம்பில் களிமண்ணால் மூன்று சின்னக் குமிழ் வைத்து ரொட்டிக்கல்லை அரை அங்குலம் தூக்கினால் நெருப்பு ஓரம் வரை பரவுகிறது. லயத்தில் இருந்த மேசன் ஒருவரின் யோசனை அது.

வெந்நீருக்குப் பெண்களே ஒரு ஒழுங்கு கண்டுபிடித்தார்கள். உயரமான அலுமினியப் பானை, மூடியோடு. மாலை ஐந்து மணிக்கு ஒரே தடவை அடுப்பு மூட்டி, முதல் வாயில் வெந்நீர்ப் பானை, இரண்டாவதில் பருப்பு. பானை சுட்டதும் இடம் மாற்றி, பருப்பு முதல் வாய்க்கு வர, அடுத்த பானைத் தண்ணீர் இரண்டாவதில் ஏறுகிறது. முன்பு குளிக்க ஒரு தடவையும் சமைக்க ஒரு தடவையும் மூட்டினார்கள். கடலையை முதல் நாளே ஊறவைப்பதையும் சேர்த்துக்கொண்டோம், அந்த உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 95 பாகையிலேயே கொதித்துவிடுவதால் ஊறாத கடலை வேக நேரம் எடுக்கும்.

விறகுக்கு ஒவ்வொரு லயத்தின் கோடியிலும் தகரம் போட்ட கொட்டில், பக்கங்கள் திறந்தபடி, காற்று அடிக்கும் திசை பார்த்து. ஜனவரியிலிருந்து மார்ச் வரை கிடைக்கிற மிலாறை வெட்டி அடுக்கினால் ஜூனுக்குள் காய்ந்துவிடும். கழற்றிய பரண்களைத் திரும்பக் கட்டிக்கொடுத்தோம், நெருப்பிலிருந்து கொஞ்சம் தள்ளி.

புகைபோக்கிதான் இழுத்தது. நிர்வாகத்துக்கு எழுதினோம், தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவரும் கூட வந்து பேசினார். கூரை ஒழுகும் என்பது நிர்வாகத்தின் பயம், அது நியாயமான பயம்தான். ஒரு லயத்தில் கூரை அஸ்பெஸ்டஸ், அதை வெட்டினால் நார்த்தூசி பறக்கும், அது நுரையீரலுக்குக் கெடுதல். கடைசியில் கூரையைத் தொடாமல், அடுப்படியின் முன்சுவரில் கூரைக்குக் கீழே ஒரு துளை, அதன் வழியாகத் தகரக் குழாய் வெளியே போய், கூரை விளிம்பைத் தாண்டி மேலே ஏறுவது என்று முடிவானது. விளிம்புக்குக் கீழேயே குழாயை நிறுத்தினால் காற்று புகையை உள்ளே திருப்பிவிடும் என்பதை முதல் வீட்டிலேயே பட்டுத் தெரிந்துகொண்டோம். எழுத்தில் அனுமதி வர ஏழு வாரம் ஆனது.

குளிருக்கு என்ன செய்வது என்பதில்தான் அதிக நேரம் போனது. அடுப்பைத் திரும்பவும் வீட்டைச் சூடாக்கும் பொருளாக மாற்றினால் புகையும் விறகும் திரும்ப வரும். தகரக் கூரை வழியாகத்தான் சூடு போகிறது என்பதால், படுக்கிற காம்பராவில் மட்டும் கழுவிக் காயவைத்த உரப்பைகளை இரண்டு மடிப்பாகத் தைத்து நடுவில் கார்ட்போர்ட் வைத்துக் கூரைக்குக் கீழே சீலிங் மாதிரிக் கட்டினோம். அடுப்படியில் கட்டவே கூடாது என்று சொன்னோம், வயரும் பல்பும் இருக்கிற இடத்தையும் விட்டுவிட்டோம். வயதானவர்கள் இருக்கிற வீட்டுக்கு வெந்நீர் ரப்பர் பை ஒன்று வாங்கிக்கொடுத்தோம், இரவில் இரண்டாவது வாயில் மிஞ்சுகிற சுடுதண்ணீர் அதற்குப் போதும். தணலை அணைத்துத் தண்ணீர் தெளிக்காமல் யாரும் படுக்கக் கூடாது என்பதை வகுப்பில் சொல்லாமல் ஒவ்வொரு வீட்டிலும் போய்ச் சொன்னோம்.

பிறகு நடந்தது

2024 ஜூன் கடைசியில், நல்ல மழையில், திரும்பவும் எல்லா வீட்டையும் பார்த்தேன். 27 வீட்டில் அனகி மட்டும். 8 வீட்டில் இரண்டும் எரிகின்றன, அதில் பெரும்பாலானவை ஏழெட்டுப் பேர் உள்ள வீடுகள், அவர்களுக்கு இரண்டு வாய் போதவில்லை என்பது உண்மை. 3 வீட்டில் பழைய அடுப்பு மட்டும். எந்த வீட்டிலும் பேசினில் தணல் இல்லை, இரவு எட்டு மணிக்குப் பிறகு போய்த்தான் பார்த்தேன்.

கொட்டில் மூன்றில் இரண்டுதான் ஒழுங்காக நடக்கிறது. மூன்றாவதில் யார் விறகு யாருடையது என்று சண்டை வந்து, ஆளுக்கு ஆள் வீட்டுக்கே கொண்டுபோய்விட்டார்கள். தடுப்பு வைத்து வீட்டுக்கு வீடு பிரித்திருக்க வேண்டும். உரப்பைச் சீலிங்குக்குள் நாலு வீட்டில் எலி வந்துவிட்டது, அவர்கள் கழற்றிவிட்டார்கள். 2024 மார்ச்சில் மின் கட்டணம் சராசரியாக 21.9 வீதம் குறைந்த பிறகு சிலர் ரைஸ் குக்கரை அலுமாரியிலிருந்து இறக்கியிருக்கிறார்கள், காலைச் சோற்றுக்கு மட்டும்.

மறுபடி செய்வதானால்

அடுப்பைக் கையில் எடுப்பதற்கு முன் ஒரு வாரம் விறகு நிறுப்பேன், அதுவும் மழை மாதத்தில். வெயிலில் வேலை செய்கிற அடுப்பைப் பார்த்து நாங்கள் ஏமாந்தோம். புகைபோக்கிக்கான அனுமதிக் கடிதம் கையில் வராமல் ஒரு அடுப்பும் இறக்க மாட்டேன், பணம் திரும்பிப் போனாலும் சரி. தணலைப் பற்றிய பேச்சு முதல் நாளே நடக்கும். பெரிய குடும்பங்களுக்குத் தொடக்கத்திலேயே இரண்டு அடுப்பு என்று கணக்கு எழுதுவேன். அப்புறம், ஞாயிற்றுக்கிழமை விறகு வெட்டுகிறவர்கள் ஆண்கள், அவர்களை நாங்கள் பயிற்சிக்குக் கூப்பிடவே இல்லை. அடுப்பு வாய்க்கு அளவாக மிலாறைச் சின்னதாக வெட்ட வேண்டும் என்று பெண்களிடம் சொல்லிப் பயனில்லை.

நடு லயத்து அம்மாயி அந்த 3 வீட்டில் ஒருவர். பழைய அடுப்பை விடவில்லை, நாங்களும் வற்புறுத்தவில்லை, அவர் வீட்டுக்கும் குழாய் போட்டோம். பகல் முழுவதும் அதற்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார்.

இப்போது கீழ் டிவிஷனில் 24 வீட்டுக்கு வேலை தொடங்குகிறது. ஜூலை இரவில் விழுந்த அந்தத் தாய்தான் எங்களோடு வீடு வீடாக வருகிறார், மாதர் சங்கம் அவருக்கு ஒரு நாள் பேருக்கு (நாட்சம்பளத்துக்கு) சமமான காசு கொடுக்கிறது. தகரப் பேசினையும் கையில் கொண்டுவருகிறார். நான் அடுப்பைப் பற்றிப் பேசத் தொடங்குவதற்கு முன்பே அதைக் கீழே வைத்து நடந்ததைச் சொல்லிவிடுகிறார். அந்த டிவிஷனுக்கான அனுமதிக் கடிதத்துக்கு மே மாதம் எழுதினோம். பதில் வரும் வரை கொட்டில் மட்டும் கட்டிக்கொண்டிருக்கிறோம், ஒவ்வொன்றிலும் வீட்டுக்கு ஒரு தடுப்பு.